பொருள்கள் அனைத்திலும் பெயர் எழுதவும்

சிஸ்டர் கொடுத்தனுப்பிய தாளில்
முதலில் இருப்பது ஸ்வெட்டர்.
தங்கச்சிமடத்தில் ஸ்வெட்டருக்கு எங்கே போக?
சலேத் நாலு வீடு கேட்டுவிட்டு
ஐந்தாவதில்
நார்வே கப்பலுக்குப் போன ஒருவன்
விட்டுப்போனதை வாங்கி வந்தாள்.
டெல்பினா அதைப் போட்டபடியே
வைகாசி வெயிலில் வீட்டைச் சுற்றினாள்.
மூக்கு நுனியில் வியர்வை சொட்ட
"குளிரவே இல்லப்பா" என்றாள்.

தடைக்காலம்.
படகு கரையேறிக் கிடக்கிறது, நானும்.
அதனால் பெட்டி கட்டுவது என் பாடு.
ஒரு ராத்திரிக் கடலுக்கு என்ன வேண்டும் என்றால்
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர்,
பீடிக்கட்டு நனையாமலிருக்க ஒரு டப்பா.
பத்து நாள் மலைக்கு
எத்தனை ரிப்பன் என்று
எவனுக்குத் தெரியும்.

தாளின் பின்பக்கம் கேள்விகள்.
நீச்சல் தெரியுமா? ஆம், இல்லை.
சலேத் சிரித்த சிரிப்பில்
கஞ்சி பொங்கியதைப் பார்க்கவில்லை.
ஒத்துக்கொள்ளாத உணவு?
பாகற்காய் என்று எழுதச் சொன்னாள் மகள்.
பிறகு இது:
பிள்ளை இதற்கு முன்
பெற்றோரைப் பிரிந்து இருந்ததுண்டா?

பேனா அங்கேயே நின்றது.

அவள் எங்கும் போகவில்லை.
இதே வீட்டில் இதே பாயில்தான் கிடந்தாள்.
நான்தான்
எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு
அக்கரைச் சிறையில் நாற்பத்தேழு நாள்.
அப்போது அவள் மூன்றாம் வகுப்பு.
இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

சலேத் தாளைப் பிடுங்கி
ஆம் என்பதில் போட்டாள்.
அழுத்திய அழுத்தில் தாள் பொத்துக்கொண்டது.

அதன்பிறகு நான் வைத்ததெல்லாம்
தாளில் இல்லாதவை.
மூன்று பாகம் நைலான் கயிறு.
அங்கே கொடி கட்ட ஒரு முழம் கிடைக்காமல்
உடுத்திய ஈரச் சாரத்தை
உடம்பிலேயே காயவிட்டவன் நான்.
சோப்பை நூலால் அறுத்து நாலாக்கினேன்.
முழுசாக இருந்தால்
இரண்டாம் நாளே காணாமல் போகும்.

"அது ஜெயில் இல்லப்பா"
தலையணை உறையை மடித்தபடி சொன்னாள்,
சும்மா, மீன் விலை சொல்வதுபோல.

முதல் இரண்டு ராத்திரி
புதுசு என்பதிலேயே போய்விடும்,
மூன்றாவதுதான் கஷ்டம்
என்று சொல்ல வாய் வந்தது.
வாளியை எடுத்தேன்.

படகுக்கு அடித்த நீலப் பெயிண்ட்
அடியில் கொஞ்சம் மிச்சம்.
வாளியில், தட்டில், டார்ச்சில், செருப்பின் அடியில்
டெல்பினா டெல்பினா டெல்பினா.
அணியத்தில் எழுதும் அதே கை.
எத்தனை தூரத்திலிருந்து பார்த்தாலும்
யாருடையதென்று தெரியவேண்டிய
அதே பெரிய எழுத்து.
"சீப்பையாவது விட்டுவையுங்க" என்றாள் சலேத்.

நாலு மணிக்குப் பஸ்.
பெயிண்ட் காயவில்லை.
வாளி மேலே படாமல்
ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே ஏறினாள்,
அந்த ஸ்வெட்டரோடு.

பாலத்துக்குப் போனால்
காற்றுக்குக் காய்ந்துவிடும்
என்று கண்டக்டரிடம் சொன்னேன்.
எதுக்கென்று தெரியாமலே
அவரும் தலையாட்டினார்.