நாற்பது நொடி

புக்கிட் தீமா சாலை. மழை.
பேருந்து பதினொரு நிமிடம் தாமதம்.
ஏறியவர் நனைந்த குடையை உதறினார்,
கூடவே ஒரு கெட்ட வார்த்தையையும்.

காலையில்தான் கணவர்
ஆட்குறைப்புக் கடிதத்தை
மின்கட்டண ரசீதுக்கு அடியில் செருகியிருந்தார்,
நான் பார்க்கமாட்டேன் என்று.

கை நடுங்கியது. ஸ்டியரிங்கை இறுக்கினேன்.
அடுத்த சந்திப்பில் சிவப்பு விளக்கு.
எனக்கு வாய்த்த ஜெப அறை அதுதான்,
நாற்பது நொடி வாடகைக்கு.

ஆண்டவரே,
புயலிலும் தலையணை வைத்துத் தூங்கினவரே,
இப்போது கொஞ்சம் எழுந்திரும்.
கோபப்படாதே என்று மட்டும் சொல்லிவிடாதேயும்.
படுகிறேன். நிறையவே.
உட்லண்ட்ஸ் வரைக்கும் இதை நீர் பிடித்துக்கொள்ளும்;
என் கை இரண்டிலும்
பின்னால் இருக்கிற அறுபது பேர்.

பச்சை.
மழை விடவில்லை. வைப்பர் பாட்டுக்கு
இடமும் வலமும் துடைத்துக்கொண்டிருந்தது.

கடைசி நிறுத்தத்தில் இருக்கைகளைப் பார்த்து வந்தேன்.
அவருடைய குடை கிடந்தது.
கண்டெடுத்த பொருள் ஏட்டில்
நேரம் எழுதினேன், நிறம் எழுதினேன்,
ஒரு கம்பி வளைந்திருப்பதையும் எழுதினேன்.
அந்த வார்த்தையை எழுதவில்லை.

இனி வீடு.
கணவர் பக்கத்தில் உட்கார்ந்து
அந்த ரசீதைத் தூக்க வேண்டும்.