சேதாரம்

ஊர் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள்.
ரோட்டோரம் ஒரு பலகை: பாலே அன் ஓர்.
பொன்னூர் என்று அர்த்தமாம்.
பலகைக்குப் பின்னால் புல்.
புல்லில், வட்டிக்காரர்கள் மாதிரி
எங்களையே பார்க்கும் ஆடுகள்.

"வீடெல்லாம் எங்கே?" என்றாள் வளர்மதி.
"பிரித்துக்கொண்டு போனார்கள், ஆணி உட்பட"
என்றாள் இஷ்பெல், வேனின் பின்கதவை
முழங்காலால் முட்டித் திறந்தபடி.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது.
ஆஸ்திரேலியா போய் வந்த ஒருவன்
இந்த ஓடையில் மஞ்சளைக் கண்டான்.
மார்ச் மாதத்துப் பனியில்
செருப்புத் தைப்பவன், மீன் பிடிப்பவன்,
கடனை எண்ணிக்கொண்டு படுத்தவன் எல்லாம்
கூடாரத்தோடு வந்துவிட்டார்கள்.
தோண்டுவதற்கு உரிமம், மாதம் ஒரு பவுன்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இஷ்பெல்லுக்கு எப்படிச் சொல்வது,
எட்டு கிராம் தங்கத்துக்கு எங்கள் ஊரில்
அவர்கள் காசின் பெயர்தான் என்று?
வந்தவர்கள் போய்விட்டார்கள்.
சொல் போகவில்லை.
பெண் பார்க்க வந்தவர்கள்
காபி ஆறுவதற்குள் கேட்பது
இன்னும் அந்தச் சொல்லில்தான்.

தங்கத்துக்கு முன்பும் இங்கே ஊர்கள் இருந்தனவாம்.
ஆடு மேய்க்க ஆட்களைக் கிளப்பினார்கள்.
பிறகு தங்கம் தேடி ஆட்கள் வந்தார்கள்.
மான் வேட்டைக்கு இடைஞ்சல் என்று
வருடம் முடிவதற்குள் அவர்களையும்.
ஆடுகள் மட்டும் அப்படியே.

பச்சை பிளாஸ்டிக் தட்டு ஒன்று, வாடகைக்கு.
எனக்குக் கிடைத்த ரப்பர் பூட்ஸ்
இரண்டுமே இடது காலுக்கானது போலிருந்தது.
இஷ்பெல் பாடம் தொடங்கினாள்:
கனமானது அடியில் தங்கும், லேசானது...

வளர்மதி கேட்கவில்லை.
ஓடைக்குள் இறங்கிக் குந்திவிட்டாள்.
ஒரு சாய்ப்பு, ஒரு சுழற்று,
விளிம்பைத் தாண்டி மணல் தானாக வழிந்தது.
"எங்கே பழகினாள்?" என்றாள் இஷ்பெல் என்னிடம்.
"ரேஷன் அரிசி" என்றாள் வளர்மதி, நிமிராமல்.

இதை மொழிபெயர்க்கத் திணறினேன்.
கல் அரிப்பது என்று ஒன்று உண்டு,
சோற்றில் பல் போகாமல் இருக்க.
ஆனால் அங்கே அரிசியை எடுத்துக்கொண்டு
கல்லைக் கொட்டுவோம்.
கல்லுக்காக மற்றதைக் கொட்டுவது
அவள் கைக்கு இதுதான் முதல் தடவை.

இல்லை, நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன்.
கோவையில், விடியுமுன், பட்டறைத் தெருச் சாக்கடையில்
இப்படித்தான் குந்தியிருப்பார்கள்.
முந்தின நாள் ராவியதில் பறந்த தூளை
சேற்றோடு அள்ளி அரிப்பார்கள்.
கடையில் பில் போடும்போது
செய்கூலிக்குக் கீழே ஒரு வரி வருமே,
எங்கே போனதென்று யாரும் கேட்காத வரி,
அதைத் தேடுகிறவர்கள்.

இரண்டு மணி நேரம்.
கண்ணுக்குத் தெரியாத கொசு காதுக்குள் புகுந்தது.
விரல்கள் அவளுடையவை என்பதே
அவளுக்கு மறந்திருக்கும், அவ்வளவு குளிர்.
கறுப்பு மணலின் ஓரத்தில்
மூன்று துகள்.
ஊசி முனையால் வைத்த புள்ளிகள்.
ஈர விரலில் ஒற்றி எடுத்து
தண்ணீர் நிரப்பிய சீசாவில் விட்டாள் இஷ்பெல்.
"உங்களுக்குத்தான். விற்கக் கூடாது, விதி."

"அடகு வைக்கலாமா?"
வளர்மதி ஆங்கிலத்திலேயே கேட்டாள்.
இஷ்பெல் வெடித்துச் சிரித்தாள்.
நான் ஆடுகளைப் பார்த்தேன்.
விசா கட்டணத்துக்காக நான்கு வளையலும்
சிங்காநல்லூர் வங்கிக்குப் போனது பிப்ரவரியில்.
ரசீது என் பர்ஸில் இருக்கிறது,
இங்கேயும், இந்த ஓடைக்கரையிலும்.

கில்டொனன் நிலையத்தில்
கை காட்டினால்தான் ரயில் நிற்கும்.
டவுன்பஸ்ஸுக்குக் கூட கை காட்டக் கூச்சப்படுகிறவள்
நடைமேடை விளிம்பில் நின்று
வலது கையை முழுசாக நீட்டினாள்.
மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் மட்டும்
கொஞ்சம் வெளுப்பாக.
ரயில் நின்றது.

உட்கார்ந்ததும் சீசாவை ஜன்னலில் பிடித்து எண்ணினாள்.
இரண்டு.
மறுபடி எண்ணினாள்.
"மூணு இருந்துச்சே?"
"சேதாரம்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மூடியைத் திறந்து, உள்பக்கம் விரலால் தடவி,
மடியில், இருக்கை மடிப்பில்,
ஹெல்ம்ஸ்டேல் வரும்வரை தேடினாள்.