இரண்டாம் ஓட்டம்

இரவு ஒன்பதே கால்.
ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசியின் ஷட்டர் இறங்குகிறது.
மூன்றாம் மாடி, ஸ்கான் நிலையம்.
ஏசி பதினெட்டில். நான் சுவெற்றருக்குள்.
கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுகிறேன்:
சுழியங்களை எடு, நாலு கிகாபைட்,
புதுச் சேர்வரில் எழுது,
எவ்வளவு நேரம் பிடித்ததென்று சொல்.

இரண்டு செக்கன்.

"செக்கனுக்கு ரெண்டு கிகாபைட்டோ!"
மனேஜர் திருச்செல்வம் பேனை மூடியைக் கழற்றிவிட்டார்.
காசோலை மேசையில் கிடக்கிறது,
கொழும்புக் கொம்பனியின் பெயர் மட்டும் எழுதி.

கொஞ்சம் பொறுங்கோ, என்றேன்.
எழுதியாச்சு என்று சொன்னது டிஸ்க் இல்லை,
மெமரி.
கையில் வாங்கி வைத்துக்கொண்டு
கொடுத்துவிட்டேன் என்கிற ஆள் அது.
இந்த நிமிஷம் கரண்ட் போனால்
கொடுத்ததும் இல்லை, வாங்கினதும் இல்லை.

கட்டளையின் வாலில் ஒரு சொல் சேர்த்தேன்:
அடியில் இறங்கும்வரை திரும்பி வராதே.

முப்பத்தாறு செக்கன்.
திருச்செல்வம் ஒரு கொட்டாவி விட்டு, மூடியைத் தேடினார்.

வாசித்தும் பார்த்தேன். மின்னலாக வந்தது.
வராதா பின்னே, இப்போதுதானே தொட்ட ஃபைல்,
இன்னும் சூடாக இருக்கிறது.
ஞாபகத்தைக் கொட்டிக் கழுவிவிட்டு
மறுபடி கேட்டேன்.
இந்தமுறை நடந்து வந்தது.

ஆனால் நான் கேட்டதே பிழையான கேள்வி.
அதைச் சொன்னவள் மிதுர்ஷா,
ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி:
"அக்கா, ஒரு தலைக்கு தொள்ளாயிரம் படம்.
ஒண்டு ஒண்டாத்தான் டொக்டர் தட்டுறார்.
உங்கட பெரிய மூட்டையை இங்க ஒருத்தரும் தூக்கிறேல்லை."

சரி. மூட்டை வேண்டாம், எள்ளுப் பொறுக்கு.
அங்கொன்று இங்கொன்று,
சின்னச் சின்னத் துண்டாக,
ஒழுங்கே இல்லாமல் ஐந்து நிமிஷம் வாசி.

காத்திருந்தபோது நினைத்துக்கொண்டேன்:
ஞாயிறுதோறும் ஸ்காபரோவிலிருந்து தம்பி,
"எப்பிடி இருக்கிறாய்?"
"நல்லா இருக்கிறன்."
அடிக்குப் போகாத பதில், மேலேயே இருக்கிறது.
போன கிழமை, நடுவில், ஏதோ யோசித்து,
"ராத்திரியில ஒழுங்கா நித்திரை கொள்ளுறியோ?" என்றான்.
நான் தேடிக்கொண்டிருந்தேன்.
"ஹலோ? லைன் போச்சோ?"

திரையில் விடை.
ஒரு துண்டுக்குப் பதினொரு மில்லிசெக்கன்.
இன்னொரு தரம் ஓட்டினேன். பதினொன்று.
ஏழு தரம். ஒரு தரம் பத்தரை,
மற்றதெல்லாம் பதினொன்று.

எனக்கு அந்த எண்ணைத் தெரியும்.
ஊசி ஒன்று தட்டின்மேல் நகர்ந்து,
தட்டு அரைச் சுற்றுச் சுற்றி வரும்வரை
மேலே நின்று காத்திருக்கும் நேரம் அது.
பற்றுச்சீட்டில் அச்சடித்திருக்கிறது:
'அசையும் பாகங்கள் அற்ற டிஸ்க், எட்டு.'
அசையாத ஒன்றுக்கு எதற்குப் பதினொரு மில்லிசெக்கன்?

மின்விசிறிகளின் இரைச்சலில் காது உதவாது.
முன்தகட்டைக் கழற்றி,
ஒரு பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
மெல்லிய நடுக்கம்.
மிதுர்ஷாவும் வைத்துப் பார்த்தாள்.
"சுத்துது."
திருச்செல்வம் வைக்கவில்லை.
காசோலையை நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்தார்.
"அறிக்கையில எந்த நம்பரைப் போடுறது, பிள்ளை?"

எல்லாவற்றையும் போட்டேன்.
அந்த இரண்டு செக்கனையும்கூட,
பக்கத்தில் அதன் பெயரோடு: மெமரி.
எத்தனை மணிக்கு, எத்தனை தரம்,
என்ன கட்டளை, எழுத்துக்கெழுத்து,
கொழும்பில் யாரும் திருப்பி ஓட்டிப் பார்க்கும்படி.

பிறகு சோதனை ஃபைலை அழித்தேன்.
நாலு கிகாபைட் ஒன்றுமில்லை.
அது போக எடுத்த நேரத்தை அளக்கவில்லை.
கீழே ஸ்கூட்டர் சீற்றில் பனி இறங்கியிருந்தது,
துடைக்காமல் ஏறி உட்கார்ந்தேன்.