வேலைக் குரல்

ஈசூன் முதியோர் இல்லத்தில்
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.
மேடம் கோ இன்றும் கஞ்சியைத் துப்பினார்.
எனக்குத் தெரிந்த ஒரே ஹொக்கியன் சொல்லில்
சியாக், சியாக் என்று கெஞ்சினேன்.

வீட்டில்
மகன் கணக்குத் தாள்மேல் தூங்கிப்போயிருந்தான்.
திருத்தித் தருகிறேன் என்றது
போன ஞாயிறு.

துவாரகன் தட்டில் சப்பாத்தியை
நகத்தளவு பிய்த்துப் போட்டு
"மெதுவா. மென்னு முழுங்கணும்" என்கிறேன்
உரக்க,
நாற்பத்திரண்டு வயதுக்காரனிடம்.

அவன் சிரிக்கவில்லை.
முழுங்கிவிட்டேன் என்று
வாயைத் திறந்து காட்டினான்.
பிறகு கேட்டான்:
"நீ எப்ப சாப்பிட்ட?"

பதினான்காம் கட்டில், அரைக் கிண்ணம்.
பதினைந்து, முழுசு.
பதினாறு, நாலு கரண்டி.
எல்லாம் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.

யோசிக்கிறேன்.
அவன் ஒரு துண்டை எடுத்து
ஊதுகிறான்.
ஆறிப்போன சப்பாத்தி அது.