எண்ணெய்க் கோடு

ஏழரைக்குள் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும்.
தோலுரித்த கோழி முக்கால் கிலோ,
ராயக்கோட்டைத் தக்காளி நான்கு,
ராத்திரியே உரித்து வைத்த சின்ன வெங்காயம்,
தட்டிய மிளகு, இஞ்சி.
எண்ணெய் அரை ஸ்பூன்.
அரை என்றால் அரை.

ஆயுத பூஜைக் குலுக்கலில்
எனக்கு விழுந்த ஸ்லோ குக்கர் இது.
விசில் அடிக்காது.
பக்கத்து போர்ஷன் கௌரம்மா
முதல் வாரம் முழுக்கக் கேட்டாள்,
சத்தமே இல்லாமல் எப்படி வேகும்?
வேகிறது.
மூக்கண்டப்பள்ளியில் இந்த ஒரு வீட்டில்
யாரும் எண்ணாமல் வேகிறது.

திம்மராயன் இரவு ஷிப்டு முடித்து வரும்போது
நான் ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருப்பேன்.
அவன் கையில் இரும்புத்தூள் வாசம்.
சாவி. பால். மாத்திரை.
கல்யாணமாகி நான்காம் வருடத்தில்
காலைப் பேச்சு இந்த மூன்று சொல்லுக்கு வற்றிவிட்டது.
பிறகு பகலெல்லாம் அவனோடு இருப்பது
இந்தக் குக்கர்தான்.
அவன் குறட்டை விட, அது
மூடியோரம் ஒரு சொட்டு விட.

ரத்தப் பரிசோதனைத் தாள்
அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது,
கொழுப்புக்கு நேரே டாக்டர் சுழித்த சிவப்பு வட்டத்தோடு.
முப்பத்தி நாலு வயசுக்கு ஜாஸ்தி என்றார்.
அன்றிரவே எண்ணெய் பாட்டிலில்
கம்பெனி மார்க்கரால் ஒரு கோடு போட்டேன்.
இந்த மாதம் இதற்குக் கீழே இறங்காது.
முதல் நாள் தின்றுவிட்டுக் கேட்டான்:
"இது குழம்பா, கோழி குளிச்ச தண்ணியா?"
சிரித்தேன்.
கோட்டை அழிக்கவில்லை.

இன்று கம்பெனி பஸ் இறங்கி
கதவைத் திறந்தால் கடுகு வாசம்.
நான் கடுகு போடவே இல்லை.
கருகிய கறிவேப்பிலை ஒன்று
மூடிக் கண்ணாடியில் உள்பக்கமாய் ஒட்டியிருக்கிறது.
தாளிப்புக் கரண்டி கழுவி, துடைத்து,
நான் மாட்டாத ஆணியில் தொங்குகிறது.
பாட்டிலில் எண்ணெய்
கோட்டுக்கு ஒரு விரல் கீழே.

தலைக்குமேல் போர்வையை இழுத்துத்
தூங்குகிறான்.
அவ்வளவு ஒழுங்காய் யாரும் தூங்குவதில்லை.

களி கிண்டினேன்.
உருண்டை பிடித்து, நடுவில் குழித்து
குழம்பை ஊற்றினேன்.
கறி எலும்பை விட்டுத் தானாய்க் கழன்றது.
ருசி, சொல்லத்தான் வேண்டும்,
நன்றாகவே இருந்தது.
"எப்படி?" என்றான், தட்டைப் பார்த்தபடி.
"மெல்ல வெந்தா இப்படித்தான்" என்றேன்.
இன்னொரு கரண்டி கேட்டான்.
கொடுத்தேன், எனக்கும் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு அவன் வண்டிச் சத்தம்
முனை திரும்பியதும்
மார்க்கரை எடுத்தேன்.
பழைய கோட்டுக்கு ஒரு விரல் கீழே
இன்னொரு கோடு.
இன்றைய தேதி.