நல்லது, ஆறு மாதம்

கேம்பல்ஃபீல்ட் உடைசல் முற்றத்திலிருந்து
பழைய மெத்தையில் கிடத்தி
அந்தக் கியர்பாக்ஸை ஸமான் கொண்டுவந்தான்.
மேலே மஞ்சள் சாயத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:
நல்லது, ஆறு மாதம்.
உத்தரவாதமா ஆயுளா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை.
திங்கள் விடியாத மூன்று மணிக்கு
பதினொரு கடைகளுக்கு நூற்றிருபது நான்
(ரொட்டியைச் சொல்கிறேன்,
நான் ஒருத்திதான், அவனுடைய ஃபால்கனுக்கு அடியில்).

டாண்டினோங்கில் ஜூலை.
கார்போர்ட்டின் சிமெந்துக் குளிர்
முதுகில் ஏறிப் பல்லுக்கு வருகிறது.
நாலு ஸ்டாண்ட், வாடகை ஜாக்,
உச்சியில் ஒளிந்த இரண்டு போல்ட்டுக்காக
என் கையைவிட நீண்ட எக்ஸ்டென்ஷன்.

பழையதை இறக்கித் திறந்தால்
எண்ணெய் அல்ல, ஆறிப்போன பால் தேத்தண்ணி.
ரேடியேட்டர்த் தண்ணீர் உள்ளே கசிந்து
எத்தனை நாளாய்க் கலந்ததோ.
"கூலரும் புதிதாய்ப் போடணும்," என்றேன்,
"இல்லையென்றால் இதே கல்யாணம் திரும்ப நடக்கும்."
அவன் பர்ஸைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்,
சரி என்றான்.

வந்த பெட்டியின் விளிம்பிடுக்கில்
கற்கண்டுபோலக் கண்ணாடித் துணுக்குகள்.
பிரஷ்ஷால் தட்டினேன். பேசவில்லை.

கன்வெர்ட்டரை உள்ளே உட்காரவைப்பதுதான் வேலை,
மற்றதெல்லாம் பாரம்.
தாங்கு, சுழற்று, தள்ளு.
டொக்.
இன்னும் கொஞ்சம். டொக்.
இங்கேதான் முடிந்ததுபோல இருக்கும்.
பயிற்சியின் இரண்டாம் வருஷம் ஒருமுறை நம்பி
போல்ட்டை இறுக்கினேன்.
பம்ப் நொறுங்கிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை,
விலை மட்டும் எல்லாருக்கும் கேட்டது.
"போனை நிறுத்து," என்றேன் ஸமானிடம்,
"மூச்சையும்."
சுழற்றினேன். சுழற்றினேன்.
பக்கத்து வீட்டு நாய், தூரத்து ரயில்,
பிறகு மூன்றாவது,
சத்தம் என்றுகூடச் சொல்லமுடியாது,
உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது.

ஏற்றினோம். தொண்ணூறு கிலோ,
மில்லிமீட்டர் மில்லிமீட்டராய்.

இதற்கு அளவு பார்க்கும் குச்சி கிடையாது.
எஞ்சின் ஓட ஓட, சூடு முப்பதைத் தாண்டி
ஐம்பதைத் தொடுமுன்
பக்கவாட்டுத் திருகைத் திறக்கவேண்டும்.
கயிறாய் விழுந்தது, நூலாயிற்று.
நூல் அறுமுன் மூடினேன்.

பிரின்சஸ் ஹைவேயில் ஒரு ஓட்டம்.
தட்டையான சாலையில் அது மேட்டைத் தேடியது.
லேசான வளைவுக்கும் முன்கூட்டியே
ஒரு கியர் இறங்கியது,
ஈர மலைப்பாதையில் பழகிய கால்போல.
இந்தப் பெட்டிக்கு மூளை வயிற்றுக்குள்ளே;
முன்னவர் அழுத்திய விதமெல்லாம்
எண்களாய் அங்கேயே இருக்கும்.
பெல்கிரேவோ எமரால்டோ,
எங்கோ மேலே வீடு, தினமும் இறங்கி ஏறிய ஆள்.

லேப்டாப்பைச் செருகினேன்.
பழகியதை அழிக்கவா? கேட்டது திரை.
என் விரல் நின்றது.
"அந்த ஆள் இருக்கிறாரா என்று விசாரித்தாயா?"
"விசாரித்தேன். பார்ட் நம்பர் சொன்னார்கள்."
ஸமானே கையை நீட்டி அழுத்தினான்.

அதன்பின் அதற்கு ஒன்றும் தெரியவில்லை.
முட்டியது, தயங்கியது,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே விழித்தது.
நாற்பது நிமிடம் ஓட்டிப் பழக்கு என்கிறது கையேடு.
ஞாயிற்றுக்கிழமை ஆளற்ற தொழிற்பேட்டையில்
நின்று எழுந்து நின்று எழுந்து
தட்டு சரியாத தன் காலை
அதற்குக் காட்டினான் ரொட்டிக்காரன்.

மூன்று மணிக்கு வந்து எடுத்துப்போனான்.
படுக்கையில் இருந்து கியர்களை எண்ணினேன்;
நாலுக்குமேல் ஹைவே லாரி விழுங்கிவிட்டது.

விடிந்து போனால் படிக்கட்டில் பத்து நான்.
காருக்கடியில் விரித்திருந்த அட்டையில்
தேன்நிறத்தில் ஒரு துளி.
திருகைத் துடைக்க மறந்ததாகவும் இருக்கலாம்.
அட்டையை அங்கேயே விட்டேன்.