வலப்பக்கம் பிறகு

நான் வேலை பார்க்கும் ஃபெர்ரிக்கு
அணியமும் இல்லை, அமரமும் இல்லை.
இந்தக் கரையில் எது முன்னோ
அந்தக் கரையில் அது பின்.
ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை
ஃபியோர்டின் குறுக்கே
கார்களை விழுங்கிக் கார்களைக் கக்கி
திரும்பாமலே திரும்பி வருகிறது.
அதன் வயிற்றுக்குள் நான்
காப்பி ஊற்றுகிறேன்,
ஸ்வேலெயை வெண்ணெய் தடவி மடித்துத் தருகிறேன்.
கடலைப் பார்க்க நேரமில்லை.

லெய்ர்விக் பள்ளியின் வாத்தியக் குழு
புதுச் சீருடைக்காக நடத்திய பழம்பொருள் சந்தையில்
மூடியில்லாத சட்டிகளுக்கும்
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவே
அந்தப் பெட்டி.
மேலே படத்தில் இரட்டைப் பாய்மரக் கப்பல்,
முழுக் காற்றில்.
எண்பது குரோனர் என்றாள் டிரம்பெட் சிறுமி.
"ஆனா பாதி கட்டிட்டாங்க" என்று
கேட்காமலே சொன்னாள்.
அறுபதுக்குத் தந்தாள்.

இடப்பக்கம் மட்டும் முடிந்திருந்தது.
ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை
நகம் நுழையாத நெருக்கத்தில்
பலகையோடு பலகை.
வலப்பக்கம் வெறும் விலா.
ஒரு புறம் உடம்பு,
மறுபுறம் எலும்பு.

கையேட்டின் ஓரங்களில் பென்சில்:
'ஐந்தாவதை வெந்நீரில் இருபது நிமிடம்.'
'பசை குறைவாக.'
'இன்னும் குறைவாக.'
'நான்காம் படம் பொய்.'
கடைசியாக,
'வலப்பக்கம் பிறகு.'

பெயரில்லை, தேதியில்லை.
"செத்திருப்பார்" என்றான் என் கணவன் தோர்கில்ஸ்,
தினசரியிலிருந்து தலை எடுக்காமல்.
சலித்திருப்பார் என்றேன் நான்.
வீடு மாறியிருக்கலாம்.
இரட்டைக் குழந்தை பிறந்திருக்கலாம்.

என் பலகைகள் முறிந்தன.
ஊறப்போட்டாலும் முறிந்தன.
தலைமுடி நேராக்கும் இரும்பைச் சூடாக்கி
மெல்ல அழுத்திப் பார்த்தேன்.
ஒன்று வளைந்தது,
அடுத்தது கருகியது.
வீடெங்கும் வாதுமை மரத்தூள்;
தோர்கில்ஸ் சூப்பில் ஒரு பித்தளை ஆணி கண்டெடுத்து
தட்டோரம் வைத்தான்,
மீன்முள்ளை வைப்பதுபோல.

நவம்பரில்
விளக்குக்கு நேரே கப்பலைத் தூக்கி
ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது,
ஏரா நேராயில்லை.
வில்போல இடப்புறம் இழுபட்டிருந்தது.

முதல் பக்கத்துக்குப் போனேன்.
தடித்த எழுத்து:
இடம் ஒன்று, வலம் ஒன்று, மாறி மாறி ஒட்டவும்.
ஒரே பக்கம் ஒட்டினால்
உலரும் பலகை கப்பலை முறுக்கிவிடும்.

அந்த வரியின் கீழே
பென்சில் கோடு. இரண்டு முறை.

தெரிந்தேதான்.
கை அவ்வளவு நன்றாக ஓடிய நாளில்
பக்கம் மாற மனம் வரவில்லை போலும்.
எனக்கு அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை என்பதால்
கோபப்படவும் தெரியவில்லை.
அந்த அழகுதான் கப்பலைக் கோணலாக்கியது.

அதன்பின் என் கந்தல் பலகைகளுக்கு
ஒரு வேலை இருந்தது.
இடுக்கில் மெழுகும் தூளும் அப்பி,
ஓரம் ஏறி இறங்கி,
துணி உலர்த்தும் கிளிப்புகள் பதினாறு பிடித்து நிற்க
அவை உலர்ந்தன,
உலர்ந்து
மெல்ல இந்தப் பக்கம் இழுத்தன.
பதினோராவது பலகையில்
ஏரா கொஞ்சம் நிமிர்ந்தது.
முழுதாக அல்ல. இரண்டு மில்லிமீட்டர் பாக்கி.

'வலப்பக்கம் பிறகு' என்பதன் கீழே
'சரி' என்று எழுதினேன்.
வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை.

பாய்மரம் ஏறியது. நூலெல்லாம் தேன்மெழுகில் தோய்ந்து
கயிறானது.
வீட்டு அலமாரியில் வைத்தால்
ஏதாவது ஒரு பக்கம் சுவரைப் பார்க்கும்.
எந்தப் பக்கம் என்று
மூன்று இரவு முடிவாகவில்லை.

இப்போது அது ஃபெர்ரியின் சிற்றுண்டிச் சாலையில்,
கல்லாவுக்கும் கடுகு பாட்டிலுக்கும் நடுவே,
இரு பக்கமும் கண்ணாடி.
வரிசையில் நிற்பவர்களுக்கு இடம்,
வாங்கிப் போகிறவர்களுக்கு வலம்.
போகும்போது முன்நோக்கிப் பாய்கிறது,
வரும்போது
பாய் விரித்தபடியே பின்வாங்குகிறது.

நேற்று ஒரு லாரி ஓட்டுநர்
குனிந்து, ஒரு கண்ணை மூடி,
வெகுநேரம் பார்த்தார்.
"லேசா சாஞ்சிருக்கே."

ஆமாம் என்றேன்.
கடுகு வேணுமா?